பின்னிரவு மூன்று மணிக்கு ஒரு மருந்துக் கணக்கு

பள்ளி முடிந்து, மதிய உணவையும் முடித்து, நீங்கள் வீட்டுப்பாடத்தைப் பிரித்து வைக்கும் பிற்பகல் மூன்று மணி. அதே நேரத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பின்னிரவு மூன்று மணி. அங்கே கோடைக்காலமாக இருந்தால் நமக்கும் அவர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம்.

அந்த நேரத்தில் அங்குள்ள ஒரு மருத்துவமனைக்குள் எட்டிப் பார்ப்போமா? நடைபாதை விளக்குகள் மங்கலாக எரிகின்றன. நோயாளிகள் உறங்குகிறார்கள். பகலில் பலர் வேலை செய்யும் மருந்தகத்தில் இப்போது ஒரே ஒருவர் கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கிறார். அவர் மருத்துவரும் அல்லர், தாதியும் அல்லர். ஆனால், இன்றிரவு அந்தக் கட்டடத்தில் யாருக்கு எந்த மருந்து புதிதாக எழுதப்பட்டாலும் பெரும்பாலும் அவர் பார்வையைக் கடந்துதான் நோயாளியிடம் போகும். அவர்தான் மருத்துவமனையின் சிகிச்சை மருந்தாளர்.

மாத்திரைகளை எண்ணிப் பையில் போட்டுக் கொடுப்பவர்தானே மருந்தாளர் என்று நினைக்கிறீர்களா? இன்று அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கப்போகிறோம். கையில் ஒரு பென்சிலும் கணிப்பானும் இருந்தால் போதும்.

யாருக்கான மருத்துவமனை?

அமெரிக்காவில் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கெனத் தனி மருத்துவமனைகள் உள்ளன. 1930ஆம் ஆண்டில் இதற்கான அரசு அமைப்பு உருவானது. 1989இல் அது முன்னாள் படைவீரர் நலத் துறையாக, அமைச்சர் ஒருவரின்கீழ் இயங்கும் முழுத் துறையாக உயர்ந்தது. இன்று சுமார் 90 லட்சம் முன்னாள் வீரர்கள் இதில் பதிவு செய்திருக்கிறார்கள். சுமார் 170 மருத்துவமனைகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநோயாளர் கிளினிக்குகளும் இதன்கீழ் உள்ளன.

இங்கு வரும் நோயாளிகளிடம் சில பொதுவான அம்சங்கள் உண்டு. பலர் முதியவர்கள். ஒருவரே பத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை உட்கொள்வது இங்கே வியப்பில்லை. துப்பாக்கி, பீரங்கி, ஹெலிகாப்டர் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்ததால் பலருக்குக் காது மந்தம். காதில் ஓயாத இரைச்சல். வியட்நாம் போரில் காடுகளின் இலைகளை உதிர்க்கத் தெளிக்கப்பட்ட ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ என்ற வேதிப்பொருளுக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வகை நீரிழிவு, பார்க்கின்சன் நோய் போன்றவற்றை அதனோடு தொடர்புடைய நோய்களாக அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டுள்ளது. போர்க்கள நினைவுகள் கனவில் திரும்பத் திரும்ப வந்து உறக்கத்தைக் கெடுக்கும் மன உளைச்சல் நோயும் சிலரை விடுவதில்லை.

ஆகவே, இந்த நாற்காலியில் உட்காருபவர் மருந்தை மட்டும் படித்தால் போதாது. நோயாளி எங்கிருந்து வந்தார் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

திரையில் ஒரு பெயர்

இப்போது நீங்கள்தான் மருந்தாளர். இரவு ஒன்பது மணிக்கு வேலை தொடங்கியது. காலை ஏழு மணிக்குத்தான் முடியும். மணி 3.05. அவசரப் பிரிவிலிருந்து திரையில் புதிய மருந்துக் கட்டளை ஒன்று வந்து விழுகிறது. (இந்த நோயாளி நம் பாடத்துக்காக நாம் கற்பனை செய்துகொண்டவர். ஆனால், இப்படிப்பட்டவர்கள் அங்கே எந்த இரவிலும் வரக்கூடும்.)

வயது 78. எடை 60 கிலோ. வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். நீரிழிவு உண்டு, காலில் புண். நான்கு நாளாகக் காய்ச்சல். கிருமி இரத்தத்தில் பரவத் தொடங்கியிருக்கலாம் என்று மருத்துவர் அஞ்சுகிறார். இரத்த அழுத்தம் 94/58, குறைவுதான். இரு காதிலும் கேட்புக் கருவி.

மருத்துவர் மூன்று கட்டளைகள் இட்டிருக்கிறார்:

முதலாவது, வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1,000 மி.கி.
இரண்டாவது, ஜென்டாமைசின் என்ற மற்றொரு கிருமிக்கொல்லி.
மூன்றாவது, அவர் வீட்டில் வழக்கமாக இரவில் சாப்பிடும் பிராசோசின் 10 மி.கி.

மூன்றும் உண்மையான மருந்துகள்தாம். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆயினும், ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: கிருமி இரத்தத்தில் பரவும்போது மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து. நீங்கள் ஆற அமர யோசிக்க முடியாது. யோசிக்காமலும் இருக்க முடியாது.

ஒரே எண், இரு சிறுநீரகங்கள்

முதலில் வான்கோமைசின். இந்த மருந்து உடலைவிட்டு வெளியேறும் முக்கிய வழி சிறுநீரகம். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து உடலிலேயே தேங்கும். தேங்கிய மருந்து சிறுநீரகத்தையே மேலும் கெடுக்கும். எனவே முதல் கேள்வி: இவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது?

இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற ஒன்றை அளப்பார்கள். இது நம் தசைகள் அன்றாடம் வெளியிடும் கழிவு. சிறுநீரகம் இதை வடிகட்டி வெளியேற்றுகிறது. இரத்தத்தில் இதன் அளவு கூடினால் வடிகட்டி சரியில்லை என்று பொருள்.

இவருக்குக் கிரியேட்டினின் 1.2. இது ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற அமெரிக்க அளவை. மலேசிய, சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் அளவையில் இது சுமார் 106 மைக்ரோமோல். பார்த்தால் ஏறக்குறைய இயல்பான எண்தான். கணினியும் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கவில்லை.

ஆனால், கொஞ்சம் யோசியுங்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. 78 வயதில் தசை மெலிந்திருக்கும். கழிவு குறைவாகவே உற்பத்தியாகிறது. அப்படியிருந்தும் இரத்தத்தில் 1.2 இருக்கிறது என்றால், வடிகட்டி மந்தமாகிவிட்டது என்றுதானே பொருள்?

இதைக் கணக்கிட 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. ஆண்களுக்கு அது இப்படி:

சிறுநீரக வடிகட்டும் வேகம் = (140 − வயது) × எடை ÷ (72 × கிரியேட்டினின்)

பெண்களுக்கு, வரும் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். சரி, பென்சிலை எடுங்கள்.

நம் நோயாளிக்கு: (140 − 78) × 60 ÷ (72 × 1.2) = 3,720 ÷ 86.4 = நிமிடத்துக்குச் சுமார் 43 மி.லி.

அதே எடை, அதே கிரியேட்டினின் உள்ள 28 வயது இளைஞருக்கு: (140 − 28) × 60 ÷ 86.4 = நிமிடத்துக்குச் சுமார் 78 மி.லி.

பார்த்தீர்களா? இருவரின் பரிசோதனைத் தாளிலும் 1.2 என்ற ஒரே எண். ஆனால், முதியவரின் சிறுநீரகம் இளைஞருடையதைப்போல் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வேலை செய்கிறது. தாளில் உள்ள எண் பொய் சொல்லவில்லை. அதை வயதோடும் எடையோடும் சேர்த்துப் படிக்காவிட்டால் நாம்தான் ஏமாந்துபோவோம்.

வாளியும் ஓட்டையும்

அடுத்து, அளவு. ஓர் ஓட்டை வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியை முதன்முதலில் நிரப்ப எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அது வாளியின் பருமனைப் பொறுத்தது. நிரம்பிய பிறகு அதே மட்டத்தில் வைத்திருக்க எவ்வளவு ஊற்ற வேண்டும்? அது ஓட்டையின் பருமனைப் பொறுத்தது.

உடல்தான் வாளி, சிறுநீரகம்தான் ஓட்டை. முதல் மருந்தளவு எடையைப் பொறுத்தது. அடுத்தடுத்த அளவுகளும் அவற்றின் இடைவெளியும் சிறுநீரகத்தைப் பொறுத்தவை. பலர் தவறு செய்யும் இடம் இதுதான். “சிறுநீரகம் சரியில்லை; ஆகவே முதல் அளவையே குறைத்துவிடுவோம்” என்று எண்ணினால் வாளி நிரம்பவே நிரம்பாது. கிருமி பிழைத்துக்கொள்ளும்.

கடும் தொற்று உள்ளவர்களுக்கு முதல் அளவாக ஒரு கிலோ எடைக்கு 25 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 60 × 25 = 1,500 மி.கி. மருத்துவர் எழுதிய 1,000 மி.கி. முதல் அளவுக்குக் குறைவு. அதே நேரத்தில், 12 மணி நேர இடைவெளி பின்னால் வரும் அளவுகளுக்கு மிக நெருக்கம். ஒரே கட்டளை, தொடக்கத்தில் குறைவாகவும் போகப்போக அதிகமாகவும் இருக்கிறது.

எவ்வளவு அதிகம்? அரைவாழ்வுக் காலம் பற்றி அணுக்கதிர்வீச்சுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மருந்துக்கும் அதே கணக்குதான். உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அதன் அரைவாழ்வு. கணக்கை எளிதாக்க, இளைஞரிடம் இது 8 மணி நேரம், முதியவரிடம் 16 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 100 பங்கு மருந்து கொடுக்கிறோம்.

இளைஞரிடம் 12 மணி நேரம் கழித்து 35 பங்கு மிஞ்சும். அடுத்த அளவு சேர்ந்ததும் 135. பிறகு 148. இப்படியே போய்ச் சுமார் 155இல் நின்றுவிடும்.

முதியவரிடம் 12 மணி நேரம் கழித்தும் 59 பங்குக்கு மேல் மிஞ்சும். அடுத்த அளவு சேர்ந்ததும் சுமார் 159. பிறகு 195. பிறகு 216. கடைசியில் சுமார் 247இல்தான் நிற்கும்.

இப்போது முதியவருக்கு இடைவெளியை 24 மணி நேரமாக்கிப் பாருங்கள். 16 மணி நேர அரைவாழ்வு, 24 மணி நேர இடைவெளி. மீண்டும் அதே 155! அளவைத் தொடவே இல்லை; நேரத்தை மட்டும் மாற்றினோம். இளைஞருக்குப் பொருந்திய மட்டம் முதியவருக்கும் கிடைத்துவிட்டது.

உண்மையில் மருத்துவமனையில் இதைவிட நுணுக்கமாகக் கணக்கிடுவார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவை நேரத்துக்கு எதிராக வரைந்து, அந்த வளைகோட்டின்கீழ் உள்ள பரப்பு 24 மணி நேரத்துக்கு 400 முதல் 600 வரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வரைபடத்தின்கீழ்ப் பரப்பு காண்பது எதற்கு என்று கணித வகுப்பில் கேட்டவர்களுக்கு இதோ ஒரு பதில்.

மணி 3.12. நீங்கள் அவசரப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசுகிறீர்கள். “டாக்டர், முதல் வான்கோமைசினை 1,500 மில்லிகிராமாக உடனே தொடங்கலாம். அடுத்ததை 24 மணி நேர இடைவெளியில் வைக்கலாம். இடையில் இரத்த அளவு பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்வோம்.” மருத்துவர் ஒப்புக்கொள்கிறார். மருந்தை எவ்வளவு மெதுவாகச் செலுத்த வேண்டும் என்பதையும் தாதியிடம் சொல்கிறீர்கள். வான்கோமைசினை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். இரத்த அழுத்தமும் இறங்கலாம். மணிக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. ஆகவே 1,500 மி.கி. ஏற்றக் குறைந்தது ஒன்றரை மணி நேரம்.

காதைக் காப்பாற்றுவது

அடுத்தது ஜென்டாமைசின். நல்ல, பழைய கிருமிக்கொல்லி. ஆனால், இதற்கு இரண்டு கெட்ட குணங்கள். ஒன்று, சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வான்கோமைசினோடு சேரும்போது அந்த ஆபத்து கூடும். மற்றொன்று, உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்களை அழிக்கலாம். மனிதக் காதில் இந்த உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

நம் நோயாளி ஏற்கெனவே பீரங்கிச் சத்தத்துக்குப் பெரும்பகுதியைப் பறிகொடுத்தவர். மிச்சமிருக்கும் உயிரணுக்களை வைத்துத்தான் கேட்புக் கருவி அவருக்கு உதவுகிறது. கால் குணமாகி வீடு திரும்பிய பிறகு பேரப்பிள்ளையின் குரல் கேட்காமல் போனால், அந்தச் சிகிச்சையை முழு வெற்றி என்று சொல்ல முடியுமா?

அதே தொலைபேசி அழைப்பிலேயே, செஃபெபிம் போன்ற வேறொரு மருந்தை நீங்கள் பரிந்துரைக்கிறீர்கள். அதுவும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். தேங்கினால் மனக்குழப்பம் உண்டாக்கும். எனவே அதன் இடைவெளியையும் 43 என்ற அந்த எண்ணுக்கு ஏற்ப மாற்றுகிறீர்கள். ஆபத்தே இல்லாத மருந்து என்று ஒன்று கிடையாது. இவருக்கு எந்த ஆபத்து சிறியது என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை.

கனவுக்கு ஒரு மாத்திரை

மூன்றாவது, பிராசோசின். இது இரத்த அழுத்தத்தைக் குறைக்க வந்த மருந்து. நம்மை அச்சத்தில் விழிக்கச் செய்யும் நோரெட்ரெனலின் என்ற வேதிப்பொருளின் வேலையை இது தடுக்கிறது. அதனால், போர்க்களக் கெட்ட கனவுகளால் தவிக்கும் வீரர்களுக்கு இரவில் இதைக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

இங்கே அறிவியல் எப்படி நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். சிறிய ஆய்வுகள் இம்மருந்து நன்கு உதவுவதாகச் சொல்லின. ஆனால், 2018இல் வெளியான, சுமார் 300 முன்னாள் வீரர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், வெற்று மாத்திரையைவிட இது மேலானதாகத் தெரியவில்லை. ஆயினும், இதனால் நன்றாக உறங்குகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவர்கள் தொடர்ந்து கொடுக்கிறார்கள். ஒரு கேள்விக்கு விடை கிடைத்தபின் அடுத்த கேள்வி பிறக்கிறது: யாருக்கு உதவுகிறது, யாருக்கு உதவவில்லை?

இன்றிரவு உங்கள் கேள்வி வேறு. இவர் நான்கு நாளாகக் காய்ச்சலில் கிடந்தவர். அந்த நாட்களில் மாத்திரை சாப்பிட்டாரா? திரையில் “10 மி.கி., தினமும் இரவு” என்றுதான் இருக்கிறது. அது மருத்துவர் எழுதியது. அவர் விழுங்கியது அல்ல.

எனவே நீங்கள் மாடிக்குப் போகிறீர்கள். அவர் கண்ணயர்ந்திருக்கிறார். போர் நினைவுகளால் தவிப்பவரைத் தூக்கத்தில் தோளைத் தொட்டு எழுப்பக்கூடாது. திடுக்கிட்டுக் கையை வீசிவிடுவார். கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். காது கேளாதவர் என்றால் விளக்கை மெல்லக் கூட்டலாம். விழித்ததும் கேட்புக் கருவியை மாட்டிக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டு, முகம் பார்த்துப் பேச வேண்டும்.

“கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் ஐயா?” என்று கேட்கிறீர்கள். “நான்கு நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை” என்கிறார்.

இந்த ஒரே பதிலுக்காகத்தான் வந்தீர்கள். பிராசோசினைச் சில நாள் விட்டுவிட்டால், உடல் அதற்குப் பழகியதை மறந்துவிடும். திரும்பவும் 10 மி.கி. கொடுத்தால் எழுந்து நிற்கும்போதே மயங்கி விழலாம். மீண்டும் 1 மி.கி.யில் தொடங்கித்தான் ஏற்ற வேண்டும். அவருடைய இரத்த அழுத்தமோ இப்போதே குறைவு. ஆகவே இன்றிரவு அந்த மாத்திரையே வேண்டாம். ஆனால், மருந்து நின்றால் கனவுகள் திரும்பலாம். அதையும் எழுதிவைத்து, தாதியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறீர்கள்.

கணினி இருக்கும்போது மனிதர் எதற்கு?

இதே துறையின் மருத்துவமனைகளில் பிறந்த ஒரு புதுமையைச் சொல்லியாக வேண்டும். 1990களில், கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சூ கின்னிக் என்ற தாதி, வாடகைக் கார் நிறுவன ஊழியர் ஒருவர் கைக்கருவியால் காரின் பட்டைக்குறியீட்டைப் படிப்பதைக் கண்டார். காருக்கு முடிந்தால் மருந்துக்கும் முடியாதா என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வளர்ந்து, நோயாளியின் கைப்பட்டையையும் மருந்துப் பொட்டலத்தையும் கருவியால் படித்துப் பொருத்திப் பார்த்தபிறகே மருந்து கொடுக்கும் முறையாக அத்துறையின் மருத்துவமனைகள் எங்கும் பரவியது. இன்று உலகின் பல மருத்துவமனைகளில் இதைப் பார்க்கலாம்.

இந்தக் கருவி, இந்த மருந்து இந்த நோயாளிக்கு எழுதப்பட்டதுதானா என்று சரிபார்க்கும். ஆனால், எழுதியதே சரியா என்று அதற்குத் தெரியாது. முதலில் வந்த மூன்று கட்டளைகளும் அப்படியே போயிருந்தால் கருவி மூன்றுக்கும் ‘சரி’ என்றே காட்டியிருக்கும்.

கணினியும் எச்சரிக்கைகள் தரும். ஆனால், சின்ன விஷயத்துக்கும் பெரிய விஷயத்துக்கும் ஒரே மாதிரி மணி அடித்தால் என்ன ஆகும்? அடிக்கடி ஒலிக்கும் கார் அலாரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா? இதற்கு ‘எச்சரிக்கைச் சோர்வு’ என்று பெயர். நூறு வெற்று எச்சரிக்கைகளுக்கு நடுவில் உண்மையான ஒன்றைக் கண்டுபிடிக்க விழிப்பான மூளை வேண்டும்.

அங்கேதான் இரவு வேலையின் பெரிய சிக்கல்.

உங்கள் மூளைக்கும் மணி மூன்று

நோயாளியைப் பற்றியே பேசினோம். மருந்தாளரின் உடலுக்குள் என்ன நடக்கிறது?

கண்களிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. இதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். விழித்திரையில் உள்ள தனிவகை உயிரணுக்கள் வெளிச்சத்தை உணர்ந்து, இப்போது பகலா இரவா என்று இதற்குச் சொல்கின்றன. இருட்டியதும் மெலட்டோனின் சுரக்கிறது. பின்னிரவில், விடிவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு, உடல்வெப்பம் மிகவும் இறங்குகிறது. கவனமும் அந்த நேரத்தில்தான் அடிமட்டத்துக்குப் போகிறது.

இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களைக்கொண்டு கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. சில மரபணுக்கள் புரதத்தை உருவாக்குகின்றன. புரதம் சேர்ந்ததும் அதுவே அந்த மரபணுவை அடக்குகிறது. புரதம் சிதைந்ததும் மீண்டும் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம்.

இந்தக் கடிகாரத்தை வேலை நேர அட்டவணையால் ஒரே நாளில் மாற்ற முடியாது. 1997இல் வெளியான ஓர் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடையதைப்போல் குறைகிறது என்று காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினாலே குற்றம். நீண்டகாலப் பாதிப்பும் உண்டு: உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் சேர்த்தது.

அப்படியானால், மந்தமான மூளையோடு உயிர் காக்கும் கணக்கை எப்படிப் போடுவது? அனுபவமுள்ள இரவு மருந்தாளர்கள் செய்யும் முதல் காரியம், தங்கள் மூளையைச் சந்தேகிப்பதுதான்.

மனக்கணக்கு போடுவதில்லை, ஒவ்வொரு படியையும் எழுதுகிறார்கள். விடை வந்ததும் வேறு வழியில் மறுபடி கணக்கிடுகிறார்கள். தொலைபேசியில் எண் சொல்லும்போது “பதினைந்து நூறு, அதாவது ஒன்று, ஐந்து, சுழியம், சுழியம்” என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். இன்சுலின், ஹெப்பாரின் போன்ற ஆபத்தான மருந்துகளை இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கும்படி கேட்கிறார்கள். பெயர் ஒத்த மருந்துகளில் கூடுதல் கவனம் வைக்கிறார்கள். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. பின்னிரவில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்!

காப்பி குடிக்கலாமே என்பீர்கள். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதுதான் தூக்கக் களைப்பு. காஃபீன் அடினோசின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தெரியாது, ஆனால் போய்விடவில்லை. மேலும், காஃபீனின் அரைவாழ்வு சுமார் 5 மணி நேரம். நான்கு மணிக்குக் குடித்த காப்பி, காலையில் வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போதும் உடலில் இருக்கும். அதனால் பலர் நள்ளிரவுக்குப் பிறகு காப்பியைத் தொடுவதில்லை.

காலை ஏழு மணி

பகல்நேர மருந்தாளர் வருகிறார். இரவு செய்ததைவிட முக்கியமான வேலை இனித்தான்: ஒப்படைப்பது.

“கிரியேட்டினின் 1.2ஐ நம்ப வேண்டாம்” என்று நீங்கள் சொல்கிறீர்கள். “சிறுநீரகம் திடீரென்று கெட்டால் அந்த எண் ஏற ஒரு நாளுக்கு மேலாகும். இன்று மீண்டும் பாருங்கள். வான்கோமைசின் இரத்த அளவு பாருங்கள். பிராசோசின் நிறுத்தியிருக்கிறது; இரத்த அழுத்தம் நிமிர்ந்தால் 1 மில்லிகிராமிலிருந்து. இரவில் கனவு வந்ததா என்று அவரிடம் கேளுங்கள்.”

நீங்கள் போட்ட கணக்கு சரியா என்பது இன்னும் தெரியாது. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போது நீங்கள் திரை இழுத்துவிட்ட அறையில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். நோயாளி கண் விழிக்கும்போது உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்காது. அவர் நலமாக இருந்தால் அந்த இரவில் எதுவுமே நடக்காததுபோல்தான் இருக்கும். நடக்கவேண்டியது நடக்காமல் போனதுதான் உங்கள் வேலை.

இன்று மாலை ஒரு வேலை

நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இதே கணக்குகளைப் போடும் மருந்தாளர்கள் இரவில் விழித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் ஓர் உதவி செய்யலாம்.

உங்கள் தாத்தா பாட்டியிடம் போய், அவர்கள் சாப்பிடும் மருந்துகளை எல்லாம் மேசையில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் கொடுத்தது, கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதையும் விட வேண்டாம். பெயர், அளவு, எப்போது சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எது ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதுங்கள். “இதை உண்மையிலேயே தினமும் சாப்பிடுகிறீர்களா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். மருந்தை நிறுத்தவோ மாற்றவோ நீங்களாகச் சொல்லக்கூடாது. அது மருத்துவர், மருந்தாளர் வேலை. தாளை மட்டும் அவர்களுடைய பணப்பையில் வையுங்கள்.

என்றாவது ஒரு நாள் பின்னிரவு மூன்று மணிக்கு யாரோ ஒருவர் மாடி ஏறிவந்து கேட்கவேண்டிய கேள்விக்கு, அந்தத் தாள் முன்கூட்டியே பதில் சொல்லிவிடும்.

நீங்களே கணக்கிடுங்கள்: ஒருவர் அதிகாலை 4 மணிக்கு 100 மி.கி. காஃபீன் உள்ள காப்பி குடிக்கிறார். அரைவாழ்வு 5 மணி நேரம் என்றால் காலை 9 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் உடலில் எவ்வளவு இருக்கும்?

(விடை: 50 மி.கி., 25 மி.கி.)